சமாதானம் கடைசியாகக் கேட்ட டிரா

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. நான் வைக்கவில்லை. ஆளாளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சதுரங்க லீக்கில் சமாதானம் என்றால் ஒரே ஆள்தான். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் கூனிய முதுகு, நகக்கண்களில் எப்போதும் வெள்ளைப் பொடி. வருவார், உட்காருவார், ஆடுவார். பிற்பகலில் எதிராளியின் முகத்தைப் பார்த்து "டிரா?" என்பார். கை குலுக்கிவிட்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி படியிறங்கி ஓடுவார். வருஷம் முழுக்க அரைப் புள்ளி அரைப் புள்ளியாகச் சேர்த்துப் பட்டியலின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொள்வார். மேலேயும் போக மாட்டார், கீழேயும் இறங்க மாட்டார்.

நான் அந்த லீக்கின் நடுவர். வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகாவது உட்காரலாம் என்று பார்த்தால், சதுரங்கக்காரர்களிடம் மாட்டிக்கொண்டேன். சதுரங்கம் அமைதியான விளையாட்டு என்று சொல்கிறவர்கள் நடுவராக இருந்து பார்த்ததில்லை. அவர் பேனாவைத் தட்டுகிறார், இவர் மூக்கை உறிஞ்சுகிறார், அந்த ஆள் என் சிப்பாயை முறைத்துப் பார்க்கிறார் என்று ஏதாவது ஒரு புகார் வந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு அந்தக் கூடம். கட்டில் பீரோ விற்கிற கடைக்கு மேல் மாடி. சாய்ந்தால் பின்னால் மடங்குகிற பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தத்தை மட்டும் கொடுக்கிற மின்விசிறிகள். எப்போது எல்லோரும் முடிப்பார்கள், எப்போது பூட்டிக்கொண்டு போய்ப் படுக்கலாம் என்பதே என் நினைப்பாக இருக்கும். மத்தியானம் தாண்டினாலே சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்க ஆரம்பித்துவிடுவேன். அது விதிமுறைப்படி தவறு. நடுவர்மேல் புகார் கொடுக்க இன்னொரு நடுவர் இல்லாததால் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

சமாதானத்துக்கு வெள்ளைக் காய் கிடைத்தால் ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். வேறு எதையும் அவர் முதலில் தொட்டு நான் பார்த்ததில்லை. எதிராளியும் தன் ராணியின் சிப்பாயைத் தள்ளி மறிப்பார். உடனே சமாதானம் பக்கத்துச் சிப்பாயையும் நீட்டி, வேண்டுமானால் வெட்டிக்கொள் என்பது போல வைப்பார். எதிராளி பெரும்பாலும் வெட்ட மாட்டார், இன்னொரு சிப்பாயை முட்டுக் கொடுத்து நிற்பார். பழைய கால ஆரம்பம், பாடப் புத்தகத்தில் முன்பக்கங்களிலேயே இருக்கும். இதில் சட்டென்று யாரும் சாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, ஒரு சின்னச் சிப்பாய்க்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். நேரமே இல்லாத மனுஷர் இவ்வளவு நேரம் கேட்கிற ஆட்டத்தை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

"வேற தெரியாது சார்," என்றார்.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கடையைக் கட்டுவார். கீழே ஷட்டரை அவர் இழுத்து இறக்குகிற சத்தத்தில் எங்கள் கூடமே அதிரும். புதிதாக ஆட வருகிறவர்கள் திடுக்கிட்டுக் கையில் இருக்கிற காயைக் கீழே போடுவார்கள். சமாதானத்துக்கு அதுதான் மணி. ஷட்டர் தரையைத் தொடும், இவர் வாயிலிருந்து "டிரா?" வரும். சில நாள் எது முதலில் வந்தது என்றே சொல்ல முடியாது.

இதில் பலருக்கும் வயிற்றெரிச்சல். ஜெயிக்கிற மாதிரி இருந்தாலும் டிரா, தோற்கிற மாதிரி இருந்தாலும் டிரா என்றால் எப்படி? இவரோடு மோதுகிற நாளில் குளித்துக் கிளம்பி வருவதே வீண் என்றார்கள். கமிட்டி கூடியது. முப்பது நகர்வுக்கு முன்னால் பேசி டிரா செய்யக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. ஒரு தனி மனிதருக்காக எங்கள் லீக் போட்ட ஒரே சட்டம் அதுதான். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். குதிரையை முன்னால் வைப்பார், பின்னால் எடுப்பார், மறுபடியும் முன்னால் வைப்பார். இறுகிக் கிடக்கிற ஆட்டத்தில் எதிராளிக்கும் போக்கிடம் இருக்காது, அவரும் எதையாவது முன்னும் பின்னும் அசைப்பார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்பது எங்கள் கமிட்டிக்கும் மேலே உள்ள விதி. கமிட்டி வாயை மூடிக்கொண்டது.

அதிகமாகக் கொதித்தவர் டிரைவிங் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர், பெரிய உடம்பு, பெரிய குரல். "இவர்கூட ஆடுறதும் சுவத்துகூட ஆடுறதும் ஒண்ணு நடுவரே. சுவராவது ஓடிப் போகாது," என்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்தில் தன் பக்கம் ஆபத்து வந்தால், மேசைக்கு அடியில் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம், பிரேக் போடுகிறார். பலகையைப் பார்க்காமலே, அவர் செருப்பைப் பார்த்து ஆட்டம் எப்படிப் போகிறதென்று சொல்லிவிடுவேன்.

சமாதானம் ஏன் ஓடுகிறார் என்று எனக்குத் தெரிய வந்தது என் பல்லால். அவர் தொழில் பல்செட் செய்வது. மருத்துவர் இல்லை, மருத்துவருக்குப் பின்னால் இருக்கிறவர். மருத்துவர் நம் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். ஒரு சின்ன அறையில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் வேலை. நகக்கண்ணில் பொடி அப்படி வந்ததுதான், கூனும் அப்படி வந்ததுதான். முகமே தெரியாத எத்தனையோ பேரின் வாய் அவருக்குத் தெரியும். என் கீழ்ப் பல்செட் ஒரு பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. அது அவர் கைவேலை என்று தெரிந்ததும் விடுவேனா? ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில் அவர் லேபுக்குப் போய் நின்றேன். "வீட்டுக்கு வாங்க சார், சின்ன மெஷின் வெச்சிருக்கேன், தேய்ச்சுக் குடுத்துடுறேன். எனக்கு நேரமாச்சு," என்று நடந்துகொண்டே சொன்னார். பின்னாலேயே போனேன்.

இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில், கட்டிலில் அவர் மனைவி. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து பல வருஷம் ஆகியிருந்தது. கட்டிலின் கால்பக்கம் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், இடது கையால் பிடித்துத் தன்னைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வதற்கு. கைக்கு எட்டும் தூரத்தில் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர்க் குவளை, சின்ன ரேடியோ, அழைப்பு மணி. அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் நேராகக் கட்டிலுக்குப் போனார். ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, அந்த அம்மாவின் தோளுக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் கொடுத்தார். "ஒண்ணு," என்றார் இவர். "ரெண்டு," என்றார் இவரே. "மூணு," என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் திருப்பினார். முதுகுக்குத் தலையணை வைத்து, சேலையைச் சரி செய்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான், "சார், உக்காருங்க," என்றார்.

நேரத்துக்குத் திருப்பாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. மனைவியின் அக்கா வந்து மத்தியானம் பார்த்துக்கொள்வார், ஆனால் சாயங்காலம் வரை இருக்க மாட்டார். "எனக்கும் வீடு வாசல் இருக்கு, மாப்பிள்ளை. நீங்க பலகையைத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்ணுறது?" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் வயசாகியிருந்தது. தனியாகத் தங்கையைத் திருப்பிப் போடுகிற தெம்பு இல்லை.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். பேச்சு மெதுவாக, வாயின் ஒரு பக்கத்திலிருந்து வந்தது.

"சாவி குலுக்குறவரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாதானம் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, காது கேட்காதவர் போல என் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் தெரியும் எனக்கு," என்றார் அந்த அம்மா. "பிரேக் போடுறவர் நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரும்மா," என்றேன். பல் இல்லாததால் எனக்கும் பேச்சு பாதிதான் வந்தது. அதைக் கேட்டு அந்த அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் முதல் சிப்பாயிலிருந்து ஆட்டத்தை அவர் மனைவிக்குச் சொல்வாராம். அந்த அம்மாவுக்கு ஆடத் தெரியாது. எந்தக் காய் எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. ஆனால் யார் முகம் சுளித்தார், யார் நகத்தைக் கடித்தார், எந்தக் குதிரை எங்கே மாட்டிக்கொண்டது என்று கேட்பார். "அப்புறம்? அப்புறம்?" என்பார். கதை சூடு பிடிக்கிற இடத்தில் ஷட்டர் இறங்கிவிடும்.

"ஒரு ஆட்டமாவது முடிச்சுட்டு வரச் சொல்லுங்க இவரை," என்றார் என்னிடம். "ஒவ்வொரு வாரமும் பாதிக் கதைதான். அப்புறம்னு கேட்டா, அப்புறம் என்ன, டிரான்னுடறார்."

"ஒரு நாள் முடிச்சுட்டு வரேன்," என்றார் சமாதானம், மெஷினை நிறுத்திவிட்டு.

"எப்போ?"

"உங்க அக்கா ஒரு நாள் லேட்டா போகட்டும்."

"அவ இருக்க மாட்டா," என்றார் அந்த அம்மா. அதற்கும் சிரிப்பு.

பல்செட்டை வாங்கி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவர் "டிரா?" என்று கேட்கிற நேரத்தில் யாராவது உதட்டைப் பிதுக்கினால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த அம்மா போன வருஷம் தவறிவிட்டார். நோய் முற்றி, இழுத்துக்கொண்டு என்றெல்லாம் இல்லை. ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நானும் டிரைவிங் மாஸ்டரும் போயிருந்தோம். கட்டிலுக்கு வெளியே அந்த அம்மாவை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். சமாதானம் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்று சொன்ன பிறகும் போட்டுக்கொண்டே இருந்தார்.

லீக்கின் அந்தப் பருவம் முழுக்க அவர் வரவில்லை. பட்டியலின் நடுவில் ஒரு பெயர் குறைந்தது. அவருக்காகப் போட்ட முப்பது நகர்வுச் சட்டத்துக்கும் வேலை இல்லாமல் போனது. இனி வர மாட்டார் என்றே நினைத்தேன். புதிய பருவத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படியேறி வந்து நின்றார். எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். முன்பெல்லாம் கடைசி ஆளாக மூச்சிரைக்க வருகிறவர்.

"வாங்க," என்றேன்.

"சார், இன்னைக்கு எனக்கு அவசரம் இல்ல," என்றார். "முடியிற வரைக்கும் ஆடப் போறேன். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. அவ கேட்டது அது ஒண்ணுதான், நான்தான் செய்யல."

"ஆடுங்க. யாரு வேணாம்னாங்க?" என்றேன். குரல் கொஞ்சம் எரிச்சலாக வந்துவிட்டது. எனக்கு வருத்தம் வந்தால் அப்படித்தான் வரும்.

எதிராளி டிரைவிங் மாஸ்டர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அப்படி விழுந்தது. சமாதானத்துக்கு வெள்ளை. கடிகாரத்தை ஓட விட்டேன். ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தது. மாஸ்டரும் தன் சிப்பாயை எதிரே வைத்தார். பக்கத்துச் சிப்பாய் நீட்டப்பட்டது, மாஸ்டர் முட்டுக் கொடுத்தார். எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் சமாதானம் உட்கார்ந்திருந்த விதம் வேறு மாதிரி இருந்தது. நாற்காலியின் நுனியில் இல்லை, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். எதிராளி யோசிக்கும்போது எழுந்து போய் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தார். அவர் அந்த ஜன்னலைப் பார்த்ததே அன்றுதான் என்று நினைக்கிறேன்.

நடுவில் சிப்பாய்களை வெட்டி வாங்கிக்கொண்டார்கள். பிறகு சமாதானம் இடது ஓரத்துச் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்த ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவருக்கு ஆள் குறைவு, மாஸ்டருக்கு அதிகம். குறைந்த ஆளை வைத்துக்கொண்டு போய் அதிக ஆளின் கோட்டையைக் குத்திக் கலைப்பது இந்த ஆரம்பத்தின் பழைய வித்தை. இவ்வளவு வருஷம் அவர் அதைத் தொடங்கியதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், முடித்ததைப் பார்த்ததில்லை. யானைகள் போயின, ராணிகள் போயின. மாஸ்டரின் ஒரு சிப்பாய் துணையில்லாமல் நின்றது. சமாதானத்தின் குதிரை இரண்டு பக்கம் சுற்றி வந்து, அவசரமே இல்லாமல் அதை எடுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இருந்த இன்னொன்றையும் எடுத்தது. இப்போது ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு குதிரை, சில சிப்பாய்கள். சமாதானத்தின் ஓரச் சிப்பாய் ஒன்றுக்கு மட்டும் எதிரே யாருமே இல்லை. கடைசி வரிசை வரை திறந்த பாதை.

மேசைக்கு அடியில் பார்த்தேன். மாஸ்டரின் செருப்பு தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ராஜா அந்தச் சிப்பாயைப் பிடிக்கப் போனால் இந்தப் பக்கம் எல்லாம் காலி. போகாவிட்டால் அது ராணியாகிவிடும். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. நான் அன்றைக்குச் சாய்ந்துதான் நின்றேன். சமாதானத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தள்ளுங்கள், தள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் குதிரையை எடுத்தார். சிப்பாய்க்குக் காவலாக, நல்ல இடத்தில் வைத்தார். கை இன்னும் குதிரையின் மேல் இருந்தது. கீழே கடைக்காரர் ஷட்டரை இறக்கினார்.

"டிரா?" என்றார் சமாதானம். கடிகாரத்தை அமுக்கினார்.

மாஸ்டர் தலை நிமிர்ந்து ஒரு வினாடி பார்த்தார். அவர் கை பலகையைத் தாண்டி நீண்டது. "சரி," என்றார். கை குலுக்கினார்கள். சமாதானம் முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார், நாற்காலிக்கு அடியில் இருந்து பையை எடுத்தார். "வரேன் சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

மாஸ்டர் நாற்காலியிலேயே இருந்தார். அவர் செருப்பு இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"நடுவரே, நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே? அவர் கேட்டாரு, நான் குடுத்தேன்."

"தப்பு ஒண்ணும் இல்ல," என்றேன்.

"நான் தோத்துட்டேன்னுதான் உக்காந்திருந்தேன். எதுக்குக் கேட்டாரு?"

அவர் பலகையை இன்னொரு முறை பார்த்தார், தலையை ஆட்டினார். அவர் பிழைத்துக்கொண்டதில் அவருக்கே சந்தோஷம் இல்லை. எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். எதிரே பஸ் நிறுத்தம். சமாதானம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ் வருகிற திசையில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்துப் பஸ் கண்டக்டருக்கு அவர் பழகிய முகம். பஸ் வந்தது, கண்டக்டர் உள்ளே இருந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். சமாதானம் ஒரு காலைப் படியில் வைத்தார். அப்படியே நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு ஏறினார்கள். கண்டக்டர் குனிந்து என்னவோ கேட்டார். சமாதானம் படியிலிருந்து காலை எடுத்தார். பஸ் போய்விட்டது. அவர் பஸ் போன திசையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெதுவாகப் படியேறுகிற சத்தம் கேட்டது. அந்தப் படிகளில் அவர் அவ்வளவு மெதுவாக ஏறி நான் கேட்டதே இல்லை. பலகையை நான் இன்னும் கலைக்கவில்லை. சோம்பல்தான் காரணம், வேறு பெரிய எண்ணமெல்லாம் இல்லை. அவர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். காய்களைப் பார்த்தார்.

"நான் ஜெயிச்சுக்கிட்டுதானே சார் இருந்தேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் கேட்டேன்?"

"ஷட்டர் இறங்குச்சு," என்றேன்.

அவர் தலையசைத்தார். "பஸ்ல கால் வெச்சதுக்கப்புறம்தான் சார் உறைச்சுது. அக்காவுக்கு நேரமாச்சேன்னு ஓடினேன். அவளைத் திருப்பணுமேன்னு ஓடினேன்." அவர் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "யாரை சார் திருப்பப் போறேன்?"

அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது. கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டு மேசைகளில் இன்னும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் தலை தூக்கிப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் மறுபடி குனிந்துகொண்டார். அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கத் தெரியவில்லை.

"மாத்த முடியாதா சார்?" என்று கேட்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"முடியாது. கேட்டது கேட்டதுதான். அவர் கை குடுத்துட்டார்."

"தெரியும். சும்மா கேட்டேன்." ஓரச் சிப்பாயை ஒரு விரலால் தொட்டார். "இன்னைக்கும் பாதிக் கதைதான்."

காய்களைப் பெட்டியில் போடக் கையை நீட்டினார். நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது பின்னால் மடங்கப் பார்த்தது, சமாளித்துக்கொண்டேன்.

"வைங்க. கருப்பு நான் ஆடுறேன்," என்றேன்.

"இது கணக்குல வராது சார்."

"வராதுதான். டிரா டிராதான். நீங்க முடிக்கணும்னு சொன்னீங்க இல்ல, முடிங்க. என் முறைதானே?"

எனக்கு ஆட்டம் சுமாராகத்தான் வரும். நன்றாக ஆடத் தெரிந்தவன் நடுவராக வந்து ஏன் உட்காரப் போகிறான்? கருப்பின் நிலையோ ஏற்கனவே கந்தல். என் ராஜாவுக்கு உருப்படியாகப் போக ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அந்த ஒரு கட்டத்தில் வைப்பதற்கு நான் தாடையைச் சொறிந்தேன், கூரையைப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கடிகாரம் ஓடவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து குத்தியது, எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன். அவர் சிப்பாயைத் தள்ளினார். நான் மறுபடி யோசித்தேன். எவ்வளவு நேரத்துக்கு இந்தத் தோல்வியை இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழுத்தேன். அவரும் அவசரப்படவில்லை. அந்தக் கோடியில் ஆட்டங்கள் முடிந்து, சீட்டைக் கொடுத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். போகும்போது, கருப்புக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் அந்தச் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டியில் கிடந்த வெள்ளை ராணியைத் தேடி எடுத்து அங்கே வைத்தார். இன்னும் சில நகர்வுகள் நான் ஓடிப் பார்த்தேன். பிறகு என் ராஜாவைப் படுக்க வைத்தேன்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

அவர் பலகையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை, பையையும் தொடவில்லை. வெளியே வெயில் இறங்கி, கூடத்துக்குள் இருட்ட ஆரம்பித்திருந்தது. விளக்கைப் போடலாம் என்று நான் எழப் போனபோது அவர் பேச ஆரம்பித்தார்.

"முதல்ல ராணிக்கு முன்னால இருக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினேன் சார். பிரேக் போடுறவரும் அதே மாதிரி தள்ளினாரு. நான் பக்கத்துச் சிப்பாயை நீட்டினேன். அவர் எடுக்கல..."

முதல் நகர்விலிருந்து பின்னால் நின்று பார்த்தவன் நான். கடைசி நகர்வில் தோற்றவனும் நான்தான். மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.